சரகேட் கோர்ட்டில் கோர்ட் அட்டர்னி வேலை: வக்கீலா, கணக்குப்பிள்ளையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். சென்னையில் சட்டம் படித்து, நியூயார்க் வந்து எல்.எல்.எம். முடித்து, பார் எக்ஸாமும் தேறி, மூன்று வருடமாக ஒரு சிறிய வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். இப்போது நகரத்துச் சரகேட் கோர்ட் ஒன்றில் புரொபேட்டும் (உயில் செல்லும் என்று கோர்ட் ஏற்பது) எஸ்டேட், அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்தின், கணக்கு வழக்குகளும் பார்க்கும் கோர்ட் அட்டர்னி (நீதிபதிக்கு உதவும் கோர்ட்டின் வக்கீல்) வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. "கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வராது, போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "யாருக்காகவும் வாதாடாத வேலையில் போய் உட்கார்ந்தால் நான் வக்கீலாகவே இருப்பேனா?" பதினோரு வருடமாக அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நான் பார்த்தது நகரத்துக்குள் ஒரே ஒரு கோர்ட். வடக்கே சின்ன கவுன்ட்டிகளில் ஒரே நீதிபதி கவுன்ட்டி கோர்ட், ஃபேமிலி கோர்ட், சரகேட் கோர்ட் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. அங்கே நாள் வேறு மாதிரி ஓடும்.

முதலில் அந்தப் பெயர். சரகேட் என்றதும் ஊரில் எல்லோருக்கும் வாடகைத் தாய்தான் ஞாபகம் வருகிறது. நான் சேர்ந்த புதிதில் என் அத்தை போனில், "ஏழைப் பெண்கள் விவகாரமாச்சே, பார்த்து நடந்துக்கோப்பா" என்று புத்தி சொன்னார். பழைய இங்கிலாந்தில் உயில் விவகாரம் பிஷப்பின் கையில் இருந்தது. அவருக்குப் பதிலாக உட்கார்ந்து பார்த்தவர் சரகேட். அந்தப் பெயர் நியூயார்க்கில் நீதிபதிக்கே ஒட்டிக்கொண்டது. மாநிலத்தின் 62 கவுன்ட்டிகளிலும் ஒரு சரகேட் கோர்ட் உண்டு. மன்ஹாட்டனிலும் புரூக்ளினிலும் இரண்டு சரகேட்கள். தேர்தலில் ஜெயித்துத்தான் வருகிறார்கள். நகரத்துக்குள் பதவிக்காலம் 14 வருடம், வெளியே 10. உயில், வாரிசு, இறந்தவர் சொத்தின் நிர்வாகம், டிரஸ்ட், மைனர்களின் பணம் எல்லாம் இங்கேதான் வரும். தத்தெடுப்பு வழக்கும் வருவதால் அத்தை சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை.

காலையில் காலண்டர், அதாவது அன்றைய வழக்குப் பட்டியல். ஓர் உயில் தாக்கலானால், அந்த உயிலே இல்லாதிருந்தால் சொத்து யார் யாருக்குப் போயிருக்குமோ அத்தனை பேருக்கும் தகவல் போக வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருபவர்கள் தந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு சைட்டேஷன் என்ற கோர்ட் அழைப்பாணை போகும், அதில் குறித்த நாளில் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் வக்கீல் இல்லாமல் வருவார்கள். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. நான் கோர்ட்டின் ஆள், உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். காலண்டர் முடிந்தால் கான்ஃபரன்ஸ்: இரு தரப்பு வக்கீல்களையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து, எது உண்மையான தகராறு, எது வெறும் கோபம் என்று பிரிக்கிற வேலை. சாயங்காலம் நீதிபதிக்காகத் தீர்ப்பின் வரைவு எழுதுவது. ரெஃப்ரியாக நியமித்தால் சாட்சிகளை நீங்களே விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை தரலாம். கட்சிக்காரர்கள் சம்மதித்தால் முடிவே சொல்லலாம்.

உயில் கைக்கு வந்ததும் நான் முதலில் அதைப் படிப்பதில்லை, காகிதத்தைப் பார்ப்பேன். மேல் மூலையில் ஸ்டேப்பிள் பின் ஒன்றுதானா, பக்கத்தில் காலி ஓட்டைகள் தெரிகிறதா? ஓட்டை இருந்தால் யாரோ பின்னைக் கழற்றி மறுபடி அடித்திருக்கிறார்கள். பக்கம் மாற்றியிருக்கலாம், பாவம், ஜெராக்ஸ் எடுக்கக் கழற்றியுமிருக்கலாம். முக்கால்வாசி ஜெராக்ஸ்தான். ஆனாலும் யார், எப்போது, ஏன் கழற்றினார் என்று அஃபிடவிட் வாங்காமல் நகர மாட்டோம். ஒரே ஒரு ஸ்டேப்பிள் பின் காரணமாக இரண்டு மாதம் தாமதமான ஃபைல்கள் என் மேஜையில் இருந்திருக்கின்றன. அப்புறம்தான் சட்டம்: உயிலின் முடிவில் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், அந்த இருவரும் 30 நாட்களுக்குள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இந்தியாவிலும் இரண்டு சாட்சிதான் என்பதால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. புதிதாக இருக்கப்போவது 1404 என்று எண்ணால் மட்டுமே எல்லோரும் அழைக்கும் விசாரணை. ஆட்சேபணை தாக்கல் செய்யும் முன்பே சாட்சிகளையும் உயில் எழுதிய வக்கீலையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். "இந்த உயிலை எதிர்ப்பவருக்கு ஒன்றும் கிடையாது" என்று உயிலில் மிரட்டல் வரி இருந்தாலும், இதைக் கேட்பதால் மட்டும் பங்கு போய்விடாது. வழக்கு நடக்குமா, சமாதானமாகுமா என்பது பெரும்பாலும் அந்த அறையிலேயே தெரிந்துவிடும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இன்டர்வியூவில் உங்களுக்கு உதவும். குயின்ஸில் இருக்கும் அப்பா, கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த மகனை ஒரே எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக) எழுதிவிட்டுப் போய்விடுவார். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் வசிப்பவர் தனியாக அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. நியூயார்க்கில் வசிக்கும் ஒருவர் அவரோடு சேர்ந்து நிற்க வேண்டும், அதற்கும் கோர்ட் சம்மதிக்க வேண்டும். மகன் கிளம்பி வந்து இறங்கிய பிறகுதான் இது தெரியவரும். அடுத்தது பெயர். ஒரு பத்திரத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, மூன்றாவதில் விசா அதிகாரி போட்ட எஃப்.என்.யு. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பாங்க்காரர்கள் அதையே பெயராக எழுதி வைத்திருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட்டில் நிறுவ வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைத் துருப்புச் சீட்டு மாதிரி நீட்டுவார்கள். இங்கே அது ஓர் ஆதாரம், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் பயப்படுகிற கணக்குக்கு வருவோம். முதல் ஆறுதல்: பெரும்பாலான எஸ்டேட்களின் கணக்கு கோர்ட்டுக்கு வருவதே இல்லை. எக்ஸிகியூட்டர் கணக்கைக் காட்டுவார், வாரிசுகள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பங்கை வாங்கிக்கொள்வார்கள், முடிந்தது. கையெழுத்துப் போட ஒருவராவது மறுத்தால், அல்லது மைனர் யாராவது இருந்தால்தான் முறையான கணக்குத் தாக்கலாகும். அதற்குக் குறித்த படிவம் உண்டு. ஷெட்யூல் ஏ, கைக்கு வந்த சொத்து. ஏ-1, விற்றதில் வந்த லாபம். ஏ-2, வட்டி, டிவிடெண்ட், வாடகை மாதிரி வருமானம். இவை எல்லாம் எக்ஸிகியூட்டர் பதில் சொல்ல வேண்டிய தொகை. பி, நஷ்டம். சி, இறுதிச் சடங்கும் நிர்வாகச் செலவும். டி, கடன்காரர்கள். இ, பங்கு கொடுத்தது. இவை அவர் கழித்துக்கொள்ளக் கேட்பவை. முதல் கூட்டிலிருந்து இரண்டாவது கூட்டைக் கழித்தால் வருவது, ஷெட்யூல் ஜி-யில் கையிருப்பு என்று காட்டியதோடு ஒத்துப்போக வேண்டும். இதில் பள்ளிக்கூடக் கணக்கு எங்கே வருகிறது? மளிகைக்கடை நோட்டு தெரிந்தவருக்கு இது தெரியும்.

ஆனால் கூட்டிச் சரிபார்ப்பது வேலையின் சின்னப் பகுதி. கூட்டல் தப்பாக வரும் கணக்குகள் பெரும்பாலும் அப்பாவித்தனமானவை. ஒரு சென்ட் பிசகாமல் வரும் கணக்கில்தான் கவனம் வேண்டும். அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். அம்மா வீட்டை விற்று மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்லி உயில். மகன் எக்ஸிகியூட்டர், இரண்டு மகள்களும் ஆட்சேபணை. கணக்கில் எல்லா ரசீதும் இருந்தது. நான் ஷெட்யூல் சி-யை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன். ஃபியூனரல் ஹோம், பூ, வந்தவர்களுக்குச் சாப்பாடு. அதற்கு இரண்டு நாள் கழித்து பூட்டுக்காரருக்கு 185 டாலர். அப்புறம் மாதாமாதம் கரன்ட், தண்ணீர், ஹீட்டிங் எண்ணெய், மூன்று குளிர்காலத்துக்கு. ஆள் இல்லாத வீட்டுக்கு அவ்வளவு எண்ணெய் எதற்கு? ஏ-2-வைத் திருப்பினால் வாடகை வருமானம் என்று ஒரு வரி கூட இல்லை. பூட்டை மாற்றிவிட்டு அவரே குடியிருந்திருக்கிறார், தன் வீட்டுச் செலவை எஸ்டேட் தலையில் எழுதியிருக்கிறார், அதனால்தான் விற்கவில்லை. தங்கைகளின் ஆட்சேபணை மனு இருபது பக்கம் இருந்தது. அதில் பாதி, அம்மாவின் நகை யாரிடம் என்பது. பூட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கான்ஃபரன்ஸில் மகனுடைய வக்கீலிடம், "ஹீட்டிங் எண்ணெய் யாருக்காக?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நியாயமான வாடகையைக் கணக்கிட்டு அவர் பங்கில் கழிக்க அன்றே ஒப்புக்கொண்டார்கள். நகை விவகாரம் அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஓடியது என்பது வேறு கதை.

கமிஷன், அதாவது எக்ஸிகியூட்டரின் ஊதியம், தப்பு வரும் இன்னொரு வழக்கமான இடம். எக்ஸிகியூட்டருக்குச் சட்டமே விகிதம் வைத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 5 சதவீதம், அடுத்த 2 லட்சத்துக்கு 4, அடுத்த 7 லட்சத்துக்கு 3, அடுத்த 40 லட்சத்துக்கு 2.5, அதற்கு மேல் 2. வங்கியில் 6 லட்சம், மகளுக்கென்று தனியாக எழுதி வைத்த வீடு 7 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13 லட்சம் என்று போட்டு 41,500 டாலர் கமிஷன் கேட்பார்கள். குறிப்பிட்ட ஒருவருக்கென்றே எழுதிய சொத்து கமிஷன் கணக்கில் சேராது. 6 லட்சத்துக்கு மட்டும் போட்டால் 22,000. ஏமாற்றும் எண்ணத்தில் இப்படிக் கேட்பவர்கள் குறைவு. படிவத்தில் மொத்தத் தொகை கண்ணில் பட்டதும் பெருக்கிவிடுகிறார்கள்.

யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் வேண்டியிருக்கும். எக்ஸிகியூட்டர், கணக்கு உண்மை, முழுமை என்று சத்தியம் செய்து தாக்கல் செய்கிறார். ஆட்சேபிப்பவர் தப்பு இருக்கிறது என்பதற்கு ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், கணக்கு சரிதான் என்று நிரூபிக்கும் பாரம் எக்ஸிகியூட்டர் மேல் போய்விடும். தோற்றால் சர்சார்ஜ். நம்மூரில் சர்சார்ஜ் என்றால் வரிக்கு மேல் வரி. இங்கே, உன் கைக்காசிலிருந்து நிரப்பு என்ற உத்தரவு. அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லோரும் படிப்பது ஜேன்ஸ் வழக்கு. முன்னாள் மாநில செனட்டர் ராட்னி ஜேன்ஸ் 1973-இல் இறந்தபோது, அவருடைய பங்குகளில் 71 சதவீதம் கோடாக்: 13,232 பங்குகள், ஒவ்வொன்றும் சுமார் 135 டாலர். எக்ஸிகியூட்டராக இருந்த வங்கி விற்காமல் வைத்திருந்தது. 1978 வாக்கில் விலை 40 டாலர் அளவுக்கு இறங்கியது. யாரும் திருடவில்லை, யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்ததுதான் குற்றம். சரகேட் முதலில் போட்டது 60,80,269 டாலர். விற்றிருந்தால் அந்தப் பணத்தை வேறெங்காவது போட்டு எவ்வளவு சம்பாதித்திருக்கலாம் என்று பின்னால் உட்கார்ந்து கணக்கிடக் கூடாது, இழந்த அசல் தொகையைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்பீலில் 40,65,029 ஆகக் குறைத்தார்கள். மாநிலத்தின் மிக உயர்ந்த கோர்ட் 1997-இல் அதை உறுதி செய்தது.

அதைவிடப் பெயர் பெற்றது ஓவியர் மார்க் ராத்கோவின் எஸ்டேட். 1970-இல் அவர் இறந்து மூன்று மாதத்துக்குள், மூன்று எக்ஸிகியூட்டர்கள் 798 ஓவியங்களுக்கும் ஓவியம் விற்கும் ஒரே காலரியோடு ஒப்பந்தம் முடித்துவிட்டார்கள். 100 ஓவியங்கள் 18 லட்சம் டாலருக்கு விற்பனை, அதையும் வட்டியில்லாமல் 12 வருடத்தில் தந்தால் போதும்; மீதி 698 ஓவியங்களை விற்றால் காலரிக்கு 50 சதவீதம் வரை கமிஷன். அந்த மூவரில் ஒருவர் அதே காலரியின் நிர்வாகி. இன்னொருவர் தானும் ஓவியர், அந்தக் காலரியின் தயவு தேவைப்பட்டவர். 1975-இல் மன்ஹாட்டன் சரகேட் மூவரையும் நீக்கினார். சர்சார்ஜும் அபராதமுமாகக் காலரியையும் சேர்த்து விதித்தது 92,52,000 டாலர். ஜேன்ஸில் கவனக்குறைவு, ராத்கோவில் இரட்டை விசுவாசம். உங்கள் மேஜைக்கு வரும் ஆட்சேபணைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் சின்ன வடிவம்தான். தொகைதான் நாலு சைபர் குறையும்.

இதுவரை சொன்ன விகிதமும் விதியும் சட்டத்திலும் தீர்ப்பிலும் உறுதியாக இருப்பவை. உறுதியில்லாத பிரதேசம் வக்கீல் ஃபீஸ். நியாயமான தொகைதான் தரப்பட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எது நியாயம் என்பதற்கு 1925-இன் பாட்ஸ் வழக்கும் 1974-இன் ஃப்ரீமன் வழக்கும் சொல்லும் அளவுகோல்கள் உண்டு: செலவான நேரம், வேலையின் சிரமம், எஸ்டேட்டின் அளவு, கிடைத்த பலன். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான், அளப்பவர் கை வேறு. ஒரே பில்லை இரண்டு நீதிபதிகள் பார்த்தால் இரண்டு தொகை வரும் என்று தாராளமாகச் சொல்வேன். உங்கள் நீதிபதியின் கையைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகும். அதுவரை வரைவில் உங்கள் தொகையை எழுதுங்கள், அவர் வெட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி கின்ஷிப் விசாரணை. நெருங்கிய உறவு யாருமில்லாமல் ஒருவர் இறந்துபோனால், நான் உறவு என்று வருபவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: எப்படி உறவு, தன்னைவிட நெருங்கியவர் யாருமில்லை, தனக்குச் சமமான உறவு எத்தனை பேர். ஒருமுறை யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பம். பிறப்புச் சான்றிதழ்கள் யுத்தத்தில் வீட்டோடு போய்விட்டன. சொத்தில் பங்கில்லாத ஒரு வயதான அம்மா சாட்சிக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் சாட்சியம் போக வேண்டும், எனக்குத் தமிழ் தெரியும் என்பது கணக்கில் வராது. அந்த அம்மா மூன்று தலைமுறையை, எந்தப் பிள்ளை எந்த மழை வருஷத்தில் பிறந்தது என்பது உட்பட, நிறுத்தாமல் சொன்னார். "பெரியப்பாவின் மகன்" என்பதும் "மாமாவின் மகன்" என்பதும் மொழிபெயர்ப்பில் ஒரே "கசின்" ஆகிவிட்டன. அப்பா வழியா அம்மா வழியா என்பதுதான் அங்கே நிரூபிக்க வேண்டியதே. நானே திருத்தக் கூடாது. கேள்வியை மாற்றி, "அவர் உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவரா, அம்மாவின் கூடப்பிறந்தவரா?" என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது.

இப்போது குறைகள். முழுநேர கோர்ட் ஊழியராகச் சேர்ந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் வெளியே பிராக்டிஸ் செய்ய முடியாது. சொந்தக்காரர் உயில் எழுதித் தரச் சொன்னாலும் அந்த அனுமதி வேண்டும். எழுதித் தராததால் என்னோடு பேசாத ஒரு சித்தப்பா இருக்கிறார். வழக்கில் சம்பந்தப்பட்டவரோடு கோயிலில் பிரசாத வரிசையில் நின்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. சில பதவிகள் நீதிபதியின் சொந்த நியமனம், அவர் போனால் நீங்களும் போக வேண்டியிருக்கும். உங்களுக்கு வந்திருப்பது அந்த வகையா, நிரந்தரமா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். வாதாடும் பழக்கமும் மங்கத்தான் செய்யும். ஐந்து வருடம் கழித்து வெளியே போன என் சகா, முதல் ஆறு மாதம் எதிர்த் தரப்பு சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஆனால் இரண்டு வக்கீல்களும் எழுதாமல் விட்ட தீர்ப்பைத் தேடி எடுத்து, அதை வைத்து வரைவு எழுதி, நீதிபதி அதில் கையெழுத்துப் போடும்போது நான் வக்கீலாக இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்ற வேகம்தான் உங்களை இந்தத் தொழிலில் வைத்திருக்கிறது என்றால் வராதீர்கள், மூன்றே மாதத்தில் மூச்சு முட்டும்.

இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாநில கோர்ட்டுகளின் தளத்தில் எக்ஸிகியூட்டர் கணக்குப் படிவம் இலவசமாகக் கிடைக்கும். அதை அச்செடுத்து, உங்கள் வீட்டுப் போன வருடத்து வரவு செலவை அதில் நிரப்பிப் பாருங்கள். ஜி ஒத்துப்போகாது, யாருக்கும் முதல் தடவை ஒத்துப்போனதில்லை. எங்கே போனது என்று தேடும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். ஆர்வம் வந்தால் போய் உட்காருங்கள். கணக்கு வருமா என்று அவர்கள் கேட்டால் கூட்டல் கழித்தல் வரும் என்று தைரியமாகச் சொல்லலாம். பெருக்கல் கமிஷனுக்கு மட்டும்தான் வேண்டும், அதற்கு மேஜையில் கால்குலேட்டர் வைத்திருக்கிறார்கள்.